கை தளர்வது சோம்பல் அல்ல: கடைசி இரண்டு கிலோவின் கணக்கு



காலையில் மலை ஏறியதும் ஓடுகிற கை, பின்னேரம் மூன்று மணிக்கு ஓடுவதில்லை. மடுவத்துத் தராசு அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. முதல் நிறுவையில் இருந்த கொழுந்து கடைசி நிறுவையில் இல்லை. இதைக் கண்டதும் நிர்வாகத்தின் வாயில் வருவது ஒரே சொல்தான்: சோம்பல். பெரட்டுக்களத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எமது காது புளித்துவிட்டது. கொழும்பில் சம்பளப் பேச்சு நடக்கும்போது அதே சொல் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ‘உற்பத்தித்திறன்’ என்ற பெயரில் வந்து உட்காருகிறது.

அந்தச் சொல்லுக்கு நாம் இங்கே பதில் சொல்கிறோம். பின்னேரத்தில் கை தளர்வது மனதின் குற்றம் அல்ல. உடம்பு உடைந்து போகாமல் இருக்க மூளையும் நரம்புகளும் செய்கிற காவல் வேலை அது. நூறு வருடங்களுக்கு மேலாக மனிதத் தசையை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காவல் வேலைக்குத் தண்டனையாகத்தான் எமக்கு ‘அரைப் பேர்’ போடுகிறார்கள்.

இரண்டு கிலோ என்றால் எவ்வளவு?

2021ஆம் ஆண்டு சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா நாட்சம்பளம் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பிறகு பல தோட்டங்களில் நடந்ததை எல்லோரும் அறிவோம். சம்பளத்தை ஒரு கையால் தந்துவிட்டு, மறு கையால் கிலோவை ஏற்றினார்கள். 16, 18 என்று இருந்த இடத்தில் 20 கேட்டார்கள். எடுக்காதவருக்கு அரைப் பேர். 2024இல் 1,350 ரூபா வந்தபோதும் வாதம் மாறவில்லை: “கூலி கூடினால் கொழுந்தும் கூட வேண்டும்.”

“இரண்டு கிலோதானே?” என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்து ஒன்றின் நிறையைத் தாராளமாக ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18 கிலோ என்றால் 18,000 கொழுந்து. ஒரு பிடிக்கு மூன்று கொழுந்து விழுந்தாலும் 6,000 தடவை விரல் மடங்கி, கிள்ளி, விரிய வேண்டும். அதற்கு மேல் இரண்டு கிலோ என்றால் இன்னும் 2,000 கொழுந்து. விரலுக்கு இன்னும் அறுநூறு எழுநூறு தடவை வேலை. கிள்ளியதைக் கையில் சேர்த்து, தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிவது தனி. மேட்டில் கால் ஊன்றி நிற்பது தனி. நெற்றியில் கயிறு இழுக்கக் கழுத்து தாங்கி நிற்பது தனி.

முக்கியமான விஷயம் இனித்தான். அந்தக் கூடுதல் இரண்டு கிலோ காலை ஏழு மணிக்கு வருவதில்லை. அது எப்போதும் கடைசியில்தான் வரும். களைத்த விரல், களைத்த தோள், களைத்த கண்ணிலிருந்துதான் அதைப் பிடுங்க வேண்டும். நிர்வாகத்தின் புத்தகத்தில் எல்லாக் கிலோவும் ஒரே கிலோ. எமது உடம்பில் முதல் கிலோவும் கடைசிக் கிலோவும் ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்பதைப் பார்ப்போம்.

மூளையிலிருந்து விரல் வரை

ஒரு கொழுந்தைக் கிள்ள வேண்டும் என்று நினைத்த கணத்தில் மூளையின் மேற்பகுதியிலிருந்து ஒரு கட்டளை கிளம்புகிறது. முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் வழியாக அது கீழே இறங்குகிறது. அங்கே இருக்கும் நரம்புக் கலம் கட்டளையை வாங்கி, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று கடந்து செல்லும் நரம்பில் மின்துடிப்பாக அனுப்புகிறது. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் ஓர் இரசாயனப் பொருள் சுரக்கிறது. அது தசை நாரைத் தட்டி எழுப்ப, நாருக்குள் சேமித்து வைத்த கல்சியம் வெளிவருகிறது. அப்போதுதான் நார் சுருங்கும், விரல் மடங்கும். ஒரு கிள்ளலுக்குள் இத்தனையும் நடந்து முடிகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் தளரலாம். வேலை நீளநீளத் தசைக்குள் கழிவுப் பொருட்கள் சேர்கின்றன, கல்சியம் முன்போல் வெளிவருவதில்லை. அதே கட்டளைக்குத் தசை முன்னர் கொடுத்த பலத்தைக் கொடுப்பதில்லை. இது தசையில் நேரும் களைப்பு. மேலே முண்ணாணிலும் மூளையிலும் கட்டளையே மெலிந்து போவதும் உண்டு. அது நரம்பில் நேரும் களைப்பு. இரண்டும் ஒன்றாகவே வரும்.

பனிக்காலக் காலையை நுவரெலியாப் பக்கத்துத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிரில் நரம்பின் துடிப்பு மெதுவாகிறது, தசையும் விறைத்துச் சுருங்க மறுக்கிறது. நனைந்த படங்கோடு, விறைத்த விரலோடு எடுக்கும் கொழுந்துக்கும் வெயில் நாளில் எடுக்கும் கொழுந்துக்கும் ஒரே கிலோக் கணக்கைப் போடுகிறவர்கள் அந்தக் குளிரில் ஒரு நிறை பிடித்துப் பார்த்தவர்கள் அல்ல.

முதலில் எழுந்து கடைசியில் படுப்பவள்

ஒரு தசையில் எல்லா நார்களும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. சிறு நரம்புக் கலங்களின் கீழுள்ள நார்கள் முதலில் வரும். பாரம் கூடக்கூடப் பெரிய கலங்களின் கீழுள்ளவை பின்னால் வரும். அமெரிக்க ஆய்வாளர் எல்வுட் ஹென்னமன் 1950களிலும் 60களிலும் இந்த ஒழுங்கை நிறுவினார். வேலை விடும்போது வரிசை தலைகீழாகும். பெரியவை முதலில் ஓயும், சிறியவை கடைசியில் ஓயும்.

கூடையைச் சுமந்து நிற்கும்போது எமது கழுத்திலும் தோளிலும் நடப்பது இதுதான். பாரம் பெரிதாகத் தோன்றாவிட்டாலும் அந்தச் சிறிய நார்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. சுருங்கியபடியே நிற்கும் தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கும். ஒட்சிசன் குறையும், கழிவு தேங்கும். 1991இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோரான் ஹேக், பாரம் குறைந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்குத் தோள் வலி ஏன் வருகிறது என்பதற்கு இதையே காரணமாக முன்வைத்தார். அந்த நார்களுக்கு ‘சின்ட்ரெல்லா’ என்று ஒரு பெயரும் வைத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் முதலில் எழுந்து, எல்லோருக்கும் கடைசியில் படுக்கும் கதைப்பெண் அவள்.

அவளைத் தேடி நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. எமது லயங்களில் ஒவ்வொரு காம்பராவிலும் இருக்கிறாள். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மாலையில் விறகோடு திரும்பி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறாள். அவள் தோளுக்குள் இருக்கும் நாருக்கும் அவளுக்கும் ஒரே தலைவிதி. ஆகவே தோள் வலியை வயதுக் கோளாறு என்று சொல்லித் தைலம் கொடுத்து அனுப்பினால் போதாது. ஓய்வில்லாத வேலையின் அடையாளம் அது.

நரம்பு போடும் பிரேக்

இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மொஸ்ஸோ என்ற பேராசிரியர், ஒரு விரலால் பாரத்தை இழுக்க வைத்து, ஒவ்வொரு இழுப்பையும் காகிதத்தில் கோடாகப் பதியும் கருவி ஒன்றைச் செய்தார். 1891இல் களைப்பைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அவர் கண்டவற்றில் ஒன்று இது: சக ஆசிரியர் ஒருவர் பல மணி நேரம் உட்கார்ந்தபடியே மாணவரை வாய்மொழியாகப் பரீட்சித்துவிட்டு வந்தார். அவர் விரல் எந்த வேலையும் செய்திருக்கவில்லை. இருந்தும் அந்த விரலால் வழக்கமான அளவு பாரத்தை இழுக்க முடியவில்லை. களைத்தது மூளை, தளர்ந்தது விரல்.

2009இல் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் நடந்த ஆய்விலும் இதே போக்குத் தெரிந்தது. 90 நிமிடம் கவனத்தைக் கசக்கும் வேலை செய்தவர்கள், பிறகு சைக்கிள் மிதித்தபோது வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். இதயம் வழக்கம்போலவே இயங்கியது. மிதிப்பதுதான் அவர்களுக்குக் கூடுதல் பாரமாகத் தோன்றியது. நுண்கடன் தவணையை எண்ணி இரவு முழுக்கக் கண் மூடாமல், விடிந்ததும் மலைக்கு வரும் தாயின் கை ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்கள் இதையும் படிக்கட்டும்.

இன்னும் ஆழமாகப் போவோம். தசைக்குள் கழிவு சேர்வதையும் சூட்டையும் வலியையும் உணரும் மெல்லிய நரம்புகள் இருக்கின்றன. அவை மேல்நோக்கிச் செய்தி அனுப்புகின்றன: “இங்கே நிலைமை சரியில்லை, வேகத்தைக் குறை.” முண்ணாணும் மூளையும் அந்தச் செய்தியைக் கேட்டுக் கட்டளையைக் குறைக்கின்றன. 1996இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில், களைத்தவர்கள் முழங்கையை முழுப் பலத்தோடு மடக்கும்போதே அவர்கள் மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டிப் பார்த்தார்கள். தூண்டியதும் தசையிலிருந்து கூடுதல் பலம் வந்தது. அதாவது தசையில் மிச்சம் இருந்தது, மூளைதான் முழுதாகச் செலவழிக்கவில்லை.

“பார்த்தீர்களா, மிச்சம் வைத்திருக்கிறார்கள்!” என்று துள்ள வேண்டாம். அந்த மிச்சம் எதற்கு என்பதை 2009இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களின் கால்களிலிருந்து மேலே போகும் அந்த எச்சரிக்கைச் செய்தியை, முதுகில் வலுவான ஊசி மருந்து ஏற்றி மறித்தார்கள். மூளை தடையில்லாமல் கட்டளை அனுப்பியது. ஆனாலும் ஓட்டத்தை முடித்த நேரத்தில் இலாபம் இல்லை. கால்தசைகள் வழக்கத்தைவிட மிக மோசமாகக் களைத்துப் போயின. இறங்கிய பிறகு நடக்கவே சிரமப்பட்டார்கள்.

கொழுந்து லொறி மலையிலிருந்து இறங்கும்போது சாரதி பிரேக்கை மிதித்து மெல்ல இறக்குகிறார். அதைப் பார்த்து “இது சோம்பேறி லொறி” என்று எந்தத் துரையும் சொன்னதில்லை. பிரேக் இல்லாமல் இறக்கச் சொன்னதும் இல்லை. லொறிக்கு விலை உண்டு, உடைந்தால் நட்டம் என்பது அவருக்குத் தெரியும். எமது உடம்பு உடைந்தால் மட்டும் அந்த நட்டம் கம்பனியின் கணக்கில் ஏறுவதில்லை. அது லயத்துக்குள் வந்து படுத்துக்கொள்கிறது.

“கைக்காசுக்கு மட்டும் எப்படி எடுக்கிறார்கள்?”

நிர்வாகம் இறுதியாக எடுக்கும் ஆயுதம் இது. “ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலைக்கு வரும்போது கிலோக் கணக்கில் அள்ளுகிறார்களே, அப்போது களைப்பு எங்கே போனது?”

கேள்வி நியாயமானதுதான். அதற்கு நேராகவே பதில் சொல்வோம். ஆம், கைக்காசு நாளில் கை வேகமாக ஓடும். பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து, கடையில் நிற்கும் கடன், கோயில் திருவிழா என்று மனதில் ஒரு தேவை நிற்கும்போது மூளை பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறது. மிச்சம் வைத்திருந்ததில் கை வைக்கிறது. ஆனால் அது சேமிப்பிலிருந்து எடுக்கும் பணம் மாதிரி. எடுத்தால் திருப்பிக் கட்ட வேண்டும். கடும் வேலைக்குப் பின் தசையின் ஒரு வகைக் களைப்புத் தீர ஒரு முழு நாளோ அதற்கு மேலோ எடுக்கலாம் என்பதை 1977இலேயே பிரித்தானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். ஞாயிறு எடுத்ததைத் திங்களும் செவ்வாயும் கட்டுகின்றன. நிர்வாகம் ஞாயிறுக் கணக்கை மட்டும் காட்டுகிறது. திங்கட்கிழமைக் கணக்கைச் சோம்பல் என்கிறது.

அதோடு, ஒருவர் ஒரு நாளில் அதிகம் எடுத்த அளவை எல்லோருக்கும் எல்லா நாளுக்கும் அளவுகோலாக்குவது எந்தக் கணக்கு? நூறு யார் ஓடும் வேகத்தில் ஹட்டனிலிருந்து கண்டி வரை ஓடு என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எமது மலையில் மட்டும் அதைக் கேட்கிறார்கள்.

இரத்தத்தில் குறைந்ததைத் தராசில் தேடுகிறார்கள்

தசைக்கு ஒட்சிசனைச் சுமந்து போவது இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். இரத்தம் குறைந்தவரின் தசையில் கழிவு சீக்கிரம் சேரும், எச்சரிக்கை நரம்புகள் சீக்கிரம் கூவும், பிரேக் சீக்கிரம் விழும்.

இது வெளிநாட்டுக் கதை அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலேயே சோதித்துப் பார்த்த விஷயம். எமது கொழுந்துப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. ரெஜி எட்ஜர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இலங்கை வைத்தியர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து கொடுத்தார்கள், மற்றப் பகுதியினருக்கு வெறும் மாத்திரை. ஒரு மாதத்துக்குப் பின் ஈமோகுளோபின் கூடியவர்கள் அதிகம் கொழுந்து எடுத்தார்கள். இரத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களிடமே முன்னேற்றம் அதிகமாக இருந்தது. மலையில் மட்டுமல்ல, அன்றாட வாழ்விலும் அவர்களின் ஓடியாடும் அளவு கூடியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்களுக்கு யாரும் உழைப்பின் பெருமையைப் போதிக்கவில்லை. அரைப் பேர் போட்டு மிரட்டவில்லை. இரும்புச்சத்து கொடுத்தார்கள், கை தானாக ஓடியது. அப்படியானால் முன்பு ஓடாதது சோம்பலா, பசியா? 1979இலேயே கிடைத்த பதில் இது. அதைப் படிக்காதவர்கள்தான் எமக்கு உற்பத்தித்திறன் வகுப்பு எடுக்கிறார்கள்.

கடைசி மணி நேரத்தின் ஆபத்து

களைப்பு கையோடு நிற்பதில்லை. தோள் தளர்ந்தால் உடம்பு இடுப்பை உதவிக்கு அழைக்கிறது. அதனால்தான் கொழுந்து எடுத்தவருக்கு மாலையில் இடுப்பும் நோகிறது. கை நடுங்குகிறது. கூடை நிறைந்த பாரத்தோடு சரிவில் இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே பாரத்தைத் தாங்குகின்றன. ஏறுவதைவிட இறங்குவதில் தசை நார்கள் அதிகம் சேதப்படும். மறுநாளும் மூன்றாம் நாளும் கால் பிடித்து நோவது அதனால்தான். களைத்த தசை, கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் செய்தியையும் குழப்பிவிடும். மழை பெய்த மலையில், கடைசிக் கொழுந்துக்காக ஓடும் நேரத்தில், அந்தக் குழப்பம் ஒரு கால் வழுக்கலாக முடியலாம்.

ஆலைக்குள் நிற்கும் தொழிலாளிக்கு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மலையில் நிற்பவளுக்கு அது எட்டாது. அவளைக் கொழுந்து எடுக்கும் அளவால் மட்டும் பார்க்கிறார்கள்.

நாம் கேட்பது என்ன

முதலாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரசு குண்டு செய்யும் ஆலைகளில் இரவு பகலாக வேலை வாங்கியது. 1915இல் அமைத்த சுகாதாரக் குழு கண்டது என்ன? மிக நீண்ட வேலை நேரத்தைக் குறைத்த இடங்களில் மொத்த உற்பத்தி விழவில்லை. பல இடங்களில் கூடியது. தொழிலாளர் மீது கொண்ட அன்பால் அவர்கள் நேரத்தைக் குறைக்கவில்லை. குண்டு கூடுதலாக வேண்டியிருந்ததால்தான் குறைத்தார்கள். ஓய்வு கொடுப்பது தருமம் அல்ல, வேலையின் ஒரு பகுதி என்பதை முதலாளிகளின் கணக்கே ஒப்புக்கொண்டது. ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை. பின்வருவனவற்றைக் கோருகிறோம்.

ஒன்று: வேலைக்கு வந்து நாள் முழுக்க நின்றவருக்கு முழுப் பேர். கிலோ குறைந்ததற்காக அரைப் பேர் போடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இரண்டு: கிலோ அளவை அலுவலகத்தில் வைத்து எழுதக் கூடாது. சரிவு, கொழுந்தின் வளர்ச்சி, மழை, குளிர் என்று மலைக்கு மலை பார்த்து, கொழுந்துப் பெண்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். காலை வேகத்தை மட்டும் அளந்து நாளால் பெருக்கக் கூடாது. கடைசி மணி நேரத்தையும் அளக்க வேண்டும்.

மூன்று: மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே காலையில் ஒன்றும் பின்னேரத்தில் ஒன்றுமாகச் சம்பளத்தோடு சிறு ஓய்வு. கூடையை இறக்கி வைத்து, தோளைத் தளர்த்தி, தண்ணீர் குடிக்கும் நேரம் அது. சுருங்கியே கிடந்த தசைக்குள் இரத்தம் திரும்பி ஓடுவதற்குச் சில நிமிடங்கள்கூட உதவும்.

நான்கு: நிறுவை இடம் மலைக்கு அருகில் வர வேண்டும். நிறைந்த கூடையோடு நெடுந்தூரம் நடக்க வைப்பது கொழுந்து எடுக்கும் வேலை அல்ல, சுமை தூக்கும் வேலை. அதற்குத் தனிக் கூலி எங்கே? கத்தரியால் வெட்டும் மலைகளில் கருவியின் பாரத்தையும் கணக்கில் எடுத்து ஆள் மாற்றி வேலை தர வேண்டும்.

ஐந்து: ஒவ்வொரு தோட்டத்திலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஈமோகுளோபின் பரிசோதனையும், குறைந்தவர்களுக்கு வைத்தியரின் ஆலோசனைப்படி இரும்புச்சத்தும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பரிசோதனைக்குப் போகும் நேரத்துக்குப் பேர் குறையக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை நிறைவேறும் வரை உடம்பைப் பார்த்துக்கொள்வதும் எமது போராட்டத்தின் பகுதிதான். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைக்கு நிறை மாறும்போது கூடையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

காலையில் இரண்டு பனடோல் போட்டு மலைக்குப் போகும் பழக்கம் பல லயங்களில் இருக்கிறது. பனடோலும் அந்தச் சைக்கிள் வீரர்களுக்குக் கொடுத்த ஊசியும் ஒன்றல்ல. ஆனால் தினமும் வலியை மறைத்து வேலை செய்வது, எச்சரிக்கை மணியைத் துணியால் சுற்றி வைப்பது போலத்தான். மணி கேட்காது, நெருப்பு அணையாது. உழைத்த களைப்பு ஓய்வில் தீரும். இரவு தூங்கி எழுந்தும் தீராத களைப்பு, படி ஏறும்போது மூச்சு வாங்குதல், கை மரத்துப் போய்ப் பொருள் நழுவி விழுதல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதை வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மலையில் பிரேக் விழுந்த உடம்பு வீட்டுக்கு வந்ததும் புதிதாகிவிடுவதில்லை. தண்ணீர் எடுப்பதும் விறகு உடைப்பதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அவள் ஒருத்தியின் தலையில் எழுதிய எழுத்தல்ல. நிர்வாகத்திடம் ஓய்வு கேட்கும் நாம், எமது காம்பராவுக்குள்ளும் அந்த ஓய்வைக் கொடுக்க வேண்டும்.

இனி மடுவத்தில் யாராவது “சோம்பல்” என்று சொன்னால் தலை குனிய வேண்டாம். தோட்டக் கமிட்டித் தலைவரையும் மாதர் அணித் தலைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்: “இந்தக் கிலோவை எந்த மலையில், எத்தனை மணிக்கு அளந்தீர்கள்? யார் கையை வைத்து அளந்தீர்கள்?” பதில் கிடைக்கும் வரை கேளுங்கள். அரைப் பேர் போட்ட ஒவ்வொரு நாளையும், திகதி, மலை, மழை, எடுத்த கிலோ என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு மாதக் கொப்பிகள் சேர்ந்தால் சங்கம் அவற்றைப் பேச்சு மேசையில் வைக்கும். அவர்கள் கையில் தராசுக் கணக்கு இருக்கிறது. எமது கையில் உடம்பின் கணக்கு இருக்கட்டும்.